'டர்ர்' என்றதும் திறப்பவர்

நம் ஊரில் ஓர் இனம் உண்டு. பாட்டுப் பெட்டி பாடினால் அது பாட்டைக் கேட்காது, பெட்டியைத்தான் கேட்கும். அடுத்த வீட்டு ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தாலும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, "கண்டென்சர் போச்சு" என்று நாள் குறித்துவிடும். கண்டென்சர் என்றால் என்னவென்று நீங்கள் கேட்டதுண்டா? கேட்காதீர்கள். சாப்பாடு ஆறிவிடும்.

வண்ணார்பேட்டை கணேஷ்ராம் இந்த இனத்தின் திலகம். பிழைப்புக்குக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறார். வாழ்வதெல்லாம் கூடத்தில், ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமான நாளாய் அடுக்களையில் மட்டுமே பாடி வந்த அவர் மனைவி ராஜராஜேஸ்வரி, முதல்முறையாக வானொலி நிலையத்துக்குப் போய்த் தேவாரம் பாடிவிட்டு வந்திருந்தாள். அந்தப் பதிவு அன்று காலை ஒலிபரப்பாகிறது. பாளையங்கோட்டையிலிருந்து அவளுடைய அக்கா குடும்பத்தோடு வந்து, ஸ்பீக்கருக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று.

அறிவிப்பாளர் கனத்த குரலில் வணக்கம் சொன்னார். கூடவே 'டர்ர்ர்' என்றது.

கணேஷ்ராமின் முகம் அப்போது மலர்ந்த மலர்ச்சியை அவருடைய கல்யாணப் புகைப்படத்தில்கூடக் காண முடியாது.

"எல்லாரும் பேசாம இருங்க!" என்றார். ஸ்பீக்கரில் காதை வைத்தார், முதுகில் தட்டினார், ஆம்ப்ளிஃபையரை மோந்து பார்த்தார், எர்த்து சரியில்லை என்றார், மின்வாரியத்தைத் திட்டினார், அப்புறம் அந்தக் கண்டென்சருக்கே வந்து சேர்ந்து திருப்புளியை எடுத்தார்.

"அத்தான், கரகரன்னாலும் கேட்டுட்டுப் போகட்டும். இப்ப என் பாட்டு வந்துரும்."

"ஏளா, உன் பாட்டு நல்லாக் கேக்கணும்னுதான பாக்கேன்! ரெண்டே நிமிசம்."

மூடி கழன்றது. உள்ளே எதையோ பிடித்து இழுத்தார். 'டப்' என்றது. அதன்பின் டர்ர் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை.

ராஜராஜேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏ ராஜி, உம் பேரச் சொல்லுதாங்க! ஓடியா!"

பாய் காலியானது.

கணேஷ்ராம் மட்டும் நகரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மனைவியின் குரல் எழுந்தது. வீட்டில் தினமும் கேட்ட குரல்தான். ஆனாலும் திருப்புளி பிடித்த கை நின்றது. ஒரு வரி முழுக்கக் கேட்டார். ஒரே வரி.

"அவங்க செட்டுல பாஸ் சத்தம் பத்தாது" என்று முனகிவிட்டு மறுபடி குனிந்தார்.

மத்தியானம் பெட்டிக்கு உயிர் வந்தது. டர்ரும் வந்தது. விருந்தாட்களுக்குப் பழம் கொடுக்க, ஸ்பீக்கர் மேல் கிடந்த எவர்சில்வர் தாம்பாளத்தை ராஜராஜேஸ்வரி தூக்கினாள். சத்தம் நின்றது. வைத்தாள். டர்ர்ர். தூக்கினாள். நின்றது.

"அத்தான்..."

"பாத்தியா! பைய சூடேறினாச் சரியாயிரும்னு நான் சொன்னேம்லா?"

அவள் தாம்பாளத்தோடு அடுக்களைக்குப் போனாள். அடுத்த ஒலிபரப்பைச் சுடலைவடிவு வீட்டில் கேட்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போது உங்கள் தலைக்கு மேல் மின்விசிறி 'கடக்' என்றதே, நிமிர்ந்து பார்த்தீர்களா இல்லையா? பார்த்தால் பாதகமில்லை. ஸ்டூலை மட்டும் இழுக்காதீர்கள்.