இருபதாவது மேற்கோள்

அன்புள்ள மருமகளுக்கு, கீழ்வீட்டிலிருந்து மாமா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மாமியாரும் நலம். மாடியில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பு பார்த்தபோது நலமாகத்தான் இருந்தாய்.

பொருள்: உன் இருபதாவது கட்டுரை.
பார்வை: இரண்டு மாதத்துக்கு முன் நீ அடுக்களையில் அழுதது.

பதினான்கு படி ஏறி வந்து வாயால் சொல்லிவிடலாம்தான். ஆனால் முப்பத்தைந்து வருடம் பதிவறையில் குப்பை கொட்டியவனுக்கு, எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கும். அன்று நீ பாலைப் பொங்கவிட்டு நின்றாய். என்னம்மா என்று கேட்டேன். "இருபது கட்டுரை வேணும் மாமா. ஒவ்வொண்ணையும் இருபது பேராவது தங்க கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்கணும். அப்பத்தான் பேராசிரியர் பதவிக்கு எடுத்துக்குவாங்க. பத்தொன்பது கட்டுரை தேறிடுச்சு. கடைசி ஒண்ணு மட்டும் பத்தொன்பது பேர்லயே நிக்குது" என்றாய். எது என்று கேட்டால், வயதானவர்களுக்கு ரத்த அழுத்த மாத்திரையை எந்த அளவில் கொடுக்கலாம் என்ற கட்டுரையாம். நான் குளியலறையில் தலைசுற்றி விழுந்த அன்று, ஈரத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாயே, அன்றைக்கு ஆரம்பித்த கட்டுரை. அதுவா பத்தொன்பதில் நிற்பது? எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நம் கடிதத்தைப் 'பார்வை'யில் குறிப்பிட்டால், இன்னும் பதில் வரவில்லை என்று திட்டப்போகிறார் என்று அர்த்தம். உங்கள் தொழிலில் அதற்குப் பதவி உயர்வு தருகிறார்கள் என்பது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்ததும் உன் கட்டுரையைக் கணினியில் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரே நாளில் நூற்று நாற்பது தடவை பார்த்தேன். எண்ணிக்கை அசையவில்லை, கண்தான் வீங்கியது, அதற்குச் சொட்டு மருந்து வாங்கப் போன இடத்தில் மருந்துக் கடைக்காரரிடமே ஒரு மேற்கோள் கேட்டேன், "அது இப்ப சப்ளை இல்ல சார்" என்றுவிட்டார். அங்கிருந்து நேராக நம் டாக்டரிடம் போய், "எப்படியாவது எங்க மருமகளை ஒரு தடவை மேற்கோள் காட்டுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். அவர், "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க" என்றார். சொன்னேன். "நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சிக்கிட்டே வாங்க" என்றார். எழுபத்தொன்பதில் கொஞ்சம் தடுமாறிவிட்டேன். உடனே என் மகனுக்குப் போன் போட்டு, அப்பாவைத் தனியாக வெளியே விடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் திடீரென்று என்னோடு நடக்க வர ஆரம்பித்தது பாசத்தால் அல்ல.

கடைசியில் நூலகத்து அம்மாள்தான் கைகொடுத்தார். மருத்துவ இதழ்களில் வாசகர் கடிதம் போடுவார்களாம், அதில் ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டால் அதுவும் மேற்கோளாகச் சேருமாம். உடனே உட்கார்ந்தேன். "நான் எழுபத்துமூன்று வயது நோயாளி. இந்தக் கட்டுரையில் சொன்னபடி மாத்திரையின் அளவைக் குறைத்த பிறகு ஒரு தடவைகூட விழவில்லை" என்று எழுதினேன். அவர் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார். இதழாசிரியர் ஏற்றுக்கொண்டுவிட்டார்! வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. உன் விண்ணப்பத்தைப் பார்ப்பது அதற்கடுத்த புதன்கிழமைதானே? நடுவில் ஒரே ஒரு படிவம் வந்தது. கட்டுரையை எழுதியவர் உங்களுக்கு உறவா என்று கேட்டு, ஆம், இல்லை என இரண்டு கட்டம். ஆம் என்றால் போடமாட்டார்கள் என்றார் அந்த அம்மாள். எனக்கும் உனக்கும் ரத்த சம்பந்தம் இல்லையே என்று 'இல்லை'யில் டிக் அடித்து அனுப்பிவிட்டேன். ஆக, இருபது வந்துவிட்டது. இனி நீ அழவேண்டாம்.

பேராசிரியராகி, பத்துப் பேர் உன் பேச்சைக் கேட்டு நடந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நீ நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார வாழ்த்தும்,
மாமா.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். காலையில் இந்தக் கடிதத்தோடு மாடிக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில், தலைகூட வாராமல், என் மாத்திரை டப்பாவில் ஏழு நாளுக்கும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாய். "என்ன மாமா, ஏதாவது வேணுமா?" என்றாய். ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டேன். இவளையா எனக்கு உறவே இல்லை என்று எழுத்தில் கொடுத்தேன்! நூலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய், அந்த வாசகர் கடிதத்தைப் போடவேண்டாம் என்று இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஒன்றும் வராது. உனக்குப் பழையபடி பத்தொன்பதுதான். என்னை மன்னித்துவிடம்மா. மத்தியானமே காரணம் கேட்டு இன்னொரு படிவம் வந்தது. உறவுமுறை என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினேன். உன் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "மருமகள்னு போடுங்க. இத்தனை வருஷம் ரெக்கார்டு பாத்தவரு இதுல போய் தப்பு விடலாமா?" என்றாள். திருத்தவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.