இடதுபக்கம் திரும்பிய மின்விசிறி

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் மறுபடியும் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. உள்ளே இருந்த ஒரே ஒரு கோமாளி மீன் கல் இடுக்கில் ஒண்டிக்கொண்டு, போட்ட தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரைச்சொட்டு சும்மா இருப்பாரா? கலந்து தயாராக வைத்திருந்த உப்புத் தண்ணீரை எடுத்து, தொட்டியில் பேனாவால் போட்டிருந்த கோடு வரைக்கும் ஊற்றினார். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

மருந்துக் கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர் அவர். இருமல் மருந்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து காட்டுவார். அதனால் கடையில் வைத்த பெயர்தான் அரைச்சொட்டு. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான்.

மீன் விஷயத்தில் மட்டும் அவருடைய அளவு எதுவும் எடுபடவில்லை. முதல் தடவை, தொட்டி வாங்கிய அன்றே ஐந்து மீன்களையும் வாங்கி வந்து மொத்தமாக விட்டார். ஒரே வாரத்தில் ஐந்தும் மிதந்தன. மனைவிதான் அவற்றைப் பூச்செடிக்குப் பக்கத்தில் புதைத்தாள். புதைத்துவிட்டு வந்து, கையைத் துடைத்தபடி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இனிமே ஒரு மீன் செத்தாலும் தொட்டி வெளியே போயிடணும். அந்த இடத்துல என் தையல் மிஷினைப் போட்டுக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். சாவகாசமாகச் சொன்னாள், அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. வேலை முடிந்து வந்து, அந்தத் தொட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருகிற அரைமணி நேரம்தான் நாள் முழுக்க அவருக்கென்று இருக்கிற நேரம். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே இரண்டாவது தடவை, வண்ணமீன் கடைக்காரர் சொன்னபடி நடந்தார். வெறும் கல், மணல், உப்புத் தண்ணீரோடு ஆறு வாரம் தொட்டியை ஓட்டினார். தண்ணீர் பக்குவப்பட வேண்டுமாம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் குனிந்து குனிந்து மீனைத் தேடிவிட்டு, அவர் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆறு வாரம் முடிந்ததும் ஒரே ஒரு மீன். அது நன்றாக இருந்தால்தான் அடுத்தது என்றார் கடைக்காரர். மேற்கொண்டு என்னவோ சொல்லவும் வந்தார். கையில் மீன் பையை வைத்துக்கொண்டு நின்று கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? அரைச்சொட்டு தெருவில் இறங்கிவிட்டார்.

இப்போது அந்த ஒற்றை மீனும் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது.

உப்பு அளக்கிற கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். முள் சரியான கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. கருவிதான் பழுது என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கினார். அது இன்னும் கூடுதலாகக் காட்டியது.

சரி, தண்ணீர் சூடாகி மீனுக்கு மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று தொட்டிக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறியை மாட்டினார். தண்ணீர் குளிர்ந்தது. கூடவே இரண்டு மடங்கு வேகத்தில் வற்றவும் ஆரம்பித்தது. வற்ற வற்ற அவர் உப்புத் தண்ணீரை ஊற்றினார், ஊற்ற ஊற்ற முள் ஏறியது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது என்பது இவ்வளவு படித்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அரைச்சொட்டு கேட்கிற ஆள் இல்லை, சொல்கிற ஆள்.

ஒரு காலையில் மனைவி அளவு நாடாவோடு வந்து, தொட்டி இருந்த மேசையின் நீள அகலத்தை அளந்தாள்.

"இப்போ எதுக்கு அளக்கறே?"

"சும்மாதான். மிஷின் அடங்குமான்னு பார்த்தேன்."

"மீன் உயிரோடதானே இருக்கு?"

"இல்லேன்னு நான் சொல்லலையே," என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

அந்த வாரம்தான் மாமியார் வந்து சேர்ந்தார். இரண்டு பாதமும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் ஓய்வாக இருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். அரைச்சொட்டுக்கு அது போதுமா? கடையிலிருந்து ஒரு களிம்பைக் கொண்டுவந்து, பட்டாணி அளவு எடுக்க வேண்டும், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும் என்று கால்மணி நேரம் விளக்கினார். மாமியார் மரியாதையாகக் கேட்டுவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மீனைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, காற்று முகத்தில் அடிக்கிறது என்று மின்விசிறியை இடதுபக்கம் திருப்பி வைத்தார். அடுத்த வாரம் அளந்தால், முள் இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் இறங்கியது. ஒரு மாதத்தில் சரியான கோட்டில் வந்து நின்றுவிட்டது. கோமாளி மீன் இடுக்கை விட்டு வெளியே வந்து, தீனியைப் பாய்ந்து கவ்வியது.

தான் புதிதாக என்ன செய்தோம் என்று உட்கார்ந்து யோசித்தார். மின்விசிறியைத் திருப்பியதைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்றிலிருந்து துடைக்கிறேன் என்று யாராவது அதைத் தொட்டால்கூட அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு எல்லாம் ஏறுமுகம்தான். மூன்று வாரம் பொறுத்து இரண்டாவது கோமாளி மீன் வந்தது. ஒரு மாதம் கழித்து, நாள் முழுக்க மணலைத் தோண்டிக்கொண்டே இருக்கும் சின்ன மீன் ஒன்று வந்தது. அது வந்த மறுநாளே காணாமல் போகவே, மனைவி மேசை இழுப்பறையில் நாடாவைத் தேட ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் தான் தோண்டிய குழியிலிருந்தே தலையை நீட்டியது. கடைசியாக, மற்றவை நன்றாகக் காலூன்றிய பிறகு, கொஞ்சம் சண்டைக்கார நீல மீன். நாலும் ஒற்றுமையாக இருந்தன.

நூறு நாள் தாண்டியது, இருநூறு தாண்டியது. ஒரு மீன்கூடப் போகவில்லை. ஒரு சாயங்காலம் மனைவி இன்னொரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீன்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அரைச்சொட்டுக்கு அவ்வளவு சந்தோஷம், தன் ஸ்டூலை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

மாமியாரின் கால் வீக்கமும் சுத்தமாக வடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்புகிற பேச்சையே அவர் எடுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அரைச்சொட்டு தன் மின்விசிறியைப் பற்றியும் களிம்பைப் பற்றியும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

சேதி வண்ணமீன் கடைக்காரர் காதுக்கும் போனது. ஒரு விடுமுறை நாளில், புதிதாகக் கடல் மீன் வளர்க்க ஆசைப்படும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அரைச்சொட்டு நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினார். நால்வரும் குறிப்பு எடுத்தார்கள். ஒருவர் மின்விசிறி எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று படமே வரைந்துகொண்டார்.

கடைக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்.

"சார், தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துறீங்க?"

"இதுவரைக்கும் ஒரு சொட்டுகூட மாத்தினதில்ல அண்ணே. கடல்ல யார் வந்து மாத்துறாங்க?"

"வத்துற தண்ணிக்கு?"

"உப்புத் தண்ணிதான் ஊத்துறேன்."

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாற்றாத தண்ணீரில் மீனின் கழிவு சேர்ந்துகொண்டே போகும், உப்பும் ஏறிக்கொண்டே போகும், இந்தத் தொட்டி இரண்டு மாதம்கூடத் தாண்டியிருக்கக் கூடாது என்றார். பையிலிருந்து தன்னுடைய கருவியை எடுத்து அளந்தார். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு மூலையில் அளந்தார். அங்கேயும் சரியாக இருந்தது.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். இது எப்படின்னு எனக்கு விளங்கல," என்று அவர் கும்பிடாத குறையாகச் சொன்னபோது, அந்த நான்கு பேரும் அரைச்சொட்டைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. மனைவியும் கதவோரம் நின்று பெருமையாகப் பார்த்தாள்.

"எல்லாம் கைராசி அண்ணே," என்றார் அரைச்சொட்டு. அந்த நேரம் பார்த்து மாமியார் தட்டில் தண்ணீர் தம்ளர்களோடு விறுவிறுவென்று நடந்து வந்தார். அரைச்சொட்டுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. "இதோ, இவங்க காலைப் பாருங்க. செருப்பு நுழையாம வந்தவங்க. இதுவும் நம்ம களிம்புதான்."

மாமியார் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்சம் நெளிந்தார். நாலு பேர் முன்னால் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"களிம்பு எரியுதுன்னு முதல் நாளே மூடி வச்சுட்டேன் மாப்பிள்ளை, நீங்க கடைக்குக் கிளம்பினதும் தினமும் இந்தத் தொட்டியிலதான் ரெண்டு சொம்பு மொண்டு, வெந்நீர் கலந்து அதுல காலை ஊற வச்சுக்கறேன், மொண்ட அளவுக்குக் குடிக்கிற தண்ணிய ஊத்தி வச்சிடறேன்."