காசுக்கு ஈரப்பதம் பார்த்தவர்

பழைய வெள்ளிக்காசுகளுக்கென்று ஒரு காட்சிக்கூடம் அமைக்க நாணற்குடி பேரூராட்சி தீர்மானித்தது. காசின் தரத்தையும் அசல்தன்மையையும் ஆராய்ந்து கொள்முதல் செய்யத் தகுந்த அதிகாரி யார் என்ற கேள்வி எழுந்தது. கோப்பில் 'கொள்முதல்' என்ற சொல் இருந்ததால் பதில் உடனே கிடைத்துவிட்டது. நெல் கொள்முதல் நிலையத்தில் தரம் பார்த்துக்கொண்டிருந்த குணசேகரனை அனுப்பிவைத்தார்கள்.

குணசேகரன் நேர்மையானவர். அவர் காலத்தில் ஒரு பதர்கூட மூட்டைக்குள் போனதில்லை. நெல்லும் அவ்வளவாகப் போனதில்லை என்பார்கள் விவசாயிகள். சல்லடை, ஈரப்பத மீட்டர் சகிதம் அவர் பொறுப்பேற்றார்.

முதலில் வந்தவர் அதிராம்பட்டினத்துக்காரர் சித்தீக். நாணற்குடிக் கடைத்தெருவில் பழைய காசு வாங்கி விற்பவர். துணியில் பொதிந்து வைத்திருந்த விக்டோரியா ரூபாய்களை மேசைமேல் பரப்பினார்.

"என்ன பாய், கறுத்துக் கெடக்கு?"

"பழைய வெள்ளி அப்படித்தான் சார். தேய்ச்சு வெளுத்தா மதிப்பே போயிடும்."

"கறுத்த மணியை நாங்க எடுக்கறதில்லை. அந்தம்மா மூஞ்சி வேற தேய்ஞ்சிருக்கு."

"நூறு வருஷத்துக்கு மேல கை மாறின காசு சார். கன்னமும் கொண்டையும் மேடு, அதுதான் முதல்ல தேயும். பள்ளத்துல இருக்கற எழுத்தைப் பாருங்க, எவ்வளவு கூரா இருக்கு! விளிம்புல வரி சீரா இருக்கு. எடை போட்டுப் பாருங்க, சரியா நிக்கும்."

"தேய்மானத்தை நீங்களே ஒத்துக்கறீங்க" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, குணசேகரன் ஒரு காசை ஈரப்பத மீட்டருக்குள் போட்டார். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. அவர் முகம் இருண்டது. "நிர்ணயிக்க முடியாத ஈரம். வெயில்ல காயவச்சுக் கொண்டாங்க."

தார்ச்சாலையில் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு துண்டை விரித்து, காசுகளைப் பரப்பி, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் சித்தீக். மழை தூறியதும் நெல்லுக்குத் தார்ப்பாய் இழுத்தவர்கள் அவர் காசுக்கும் ஒரு ஓரம் விட்டுக்கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கம் சொன்னால் காசையும் காயவைக்கத்தான் வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

சித்தீக் மறுபடி குணசேகரனிடம் போனபோது வைரக்கண்ணு என்ற வியாபாரி சாக்குமூட்டையோடு முன்னால் நின்றார். மூட்டையைக் கவிழ்த்ததும் அறையே பளபளத்தது. குணசேகரன் கைநிறைய அள்ளிப் பார்த்தார். கண் கலங்கியது. இருபது வருடமாக அவர் தேடிய நெல் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

சித்தீக்குக்குப் பொறுக்கவில்லை. "சார், இதெல்லாம் அச்சுல ஊத்தினது. எல்லாக் காசுலயும் ஒரே இடத்துல ஒரே குழி இருக்கு பாருங்க!"

"அதுக்குப் பேருதான் பாய் கலப்பில்லாத சரக்கு."

"காந்தத்துல ஒட்டுது சார்! வெள்ளி ஒட்டுமா?"

"நல்ல பொருள்னா ஒரு ஈர்ப்பு இருக்கும்."

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரண்டுன்னு வருஷம் போட்டுட்டு சக்கரவர்த்தினின்னு எழுதியிருக்கான் சார். அந்தம்மா அப்ப வெறும் ராணிதான். சக்கரவர்த்தினி ஆனது அதுக்குப் பதினஞ்சு வருஷம் கழிச்சு!"

குணசேகரன் சற்று யோசித்தார். "முன்தேதியிட்டுப் பதவி உயர்வு குடுத்திருப்பாங்க. அந்தக் காலத்து நிர்வாகம்னா நிர்வாகம்!" என்று பெருமூச்சு விட்டார்.

வைரக்கண்ணுவின் மூட்டை முழுதும் முதல் ரகமாகத் தேறியது. காட்சிக்கூடம் திறந்த அன்று ஊரே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. பார்த்தவர்கள் நேராக வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்தார்கள். பரம்பரையாக வந்த காசுகள் அங்கே கறுத்து, தேய்ந்து, ஒன்றுபோல ஒன்று இல்லாமல் கிடந்தன.

குணசேகரனின் மனைவி ஈஸ்வரியும் பார்த்தார். "என்னங்க, இது எங்கம்மா சீரா குடுத்தது."

குணசேகரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக அவர் கையிலேயே வைத்தார். "மனசைத் தேத்திக்க. உங்க வீட்டுல ஏமாத்திட்டாங்க."

அன்று இரவு ஈஸ்வரி சாப்பிடவில்லை. காலையில் சித்தீக் கடைக்குப் போனால், ஏற்கெனவே கடைத்தெரு முனைவரை வரிசை.

"மாத்திக் குடுங்க பாய்."

"அம்மா, இது சுத்தமான அசல். பத்திரமா வச்சுக்குங்க."

"காட்சிக்கூடத்துல இருக்கறதை நான் கண்ணால பார்த்தேன். இதுவும் அதுவும் ஒண்ணா?"

"அல்லாமேல ஆணையா அசல்மா!"

"அசல்னா நீங்க வாங்கிக்க வேண்டியதுதானே? ஏன் திருப்பித் தர்றீங்க?"

வரிசை முழுவதும் "அதானே!" என்றது.

தொண்டை வறளும்வரை சித்தீக் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். பிறகு வைரக்கண்ணுவிடம் ஒரு சாக்கு வாங்கிப் போட்டார். கறுத்த காசு ஒன்றுக்குப் பளபளக்கும் காசு இரண்டு என்று மாற்றிக்கொடுத்தார். ஈஸ்வரி முகத்தில் சிரிப்பு திரும்பியது. ஊரில் இருந்த போலிகள் எல்லாம் இப்படி ஒருவழியாக ஒழிந்தன.

குணசேகரனின் சேவை மேலிடத்துக்கும் எட்டியது. பழங்கால ஐம்பொன் சிலைகளின் தரத்தை ஆராயச் சொல்லி அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. எல்லாச் சிலைகளும் பச்சை பிடித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு அவர் மிகவும் வருந்தினார். வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு ஊரே திரண்டது. மாலைக்குப் பதிலாக ஆளுக்கொரு உருண்டை புளியும் கொஞ்சம் தேங்காய் நாரும் கொண்டுவந்திருந்தார்கள்.