வீட்டுக்குப் பின்னால் ஒரு பார்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவைக் கைப்பிடித்த நாள்முதல் உன் யோசனை எதையும் கேட்காதவனும், முதல்முறையாகக் கேட்டு அதனால் இன்று மார்தட்டி நிற்பவனுமான உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் சுகம். வண்டியும் சுகம். அங்கு நீயும் குடும்பமும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டியது நெஞ்சுக்குள் நின்றபடி கதவைத் தட்டுகிறது.

நம் வண்டியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னக் கார். பெட்ரோல் குடிப்பதில் சிக்கனம், ஆடுவதில் தாராளம். பாலத்துக்கு முன்னால் வரும் வளைவில் நான் வழக்கம்போலத் திருப்பியபோது உன் அக்கா மடியிலிருந்த முட்டை அட்டை, முதலில் அவள் பக்கத்துக் கதவுக்குப் போய், பிறகு முட்டையாக இல்லாமல் வேறு விதமாக அவள் மடிக்கே திரும்பி வந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "வாழ்நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன். மேல போறதும் கீழ வர்றதும்தான் தெரியும். வளையறது இவருக்கு எங்க தெரியப்போகுது? இனிமே நான் பஸ்ஸுலயே போறேன்."

சொன்னபடியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெண் வீட்டுக்குப் போகிறோம் அல்லவா, அவள் பஸ்ஸில், நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில். வேண்டுமென்றே கடைசி சீட்டில், எனக்கு நேராக முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் நானும் நிற்பேன். கண்டக்டர் ஒருமுறை படியில் தொங்கிக்கொண்டே, "என்னங்க, வழி தெரியலையா?" என்று கேட்டார். நீ சிரிப்பாய். ஆனால் அந்தக் காலி முன் சீட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது பெரிய கஷ்டமப்பா. "அந்தக் கடைப் பலகையில எழுத்துப்பிழை பாருங்க", "அந்த வீட்டுக்காரங்க இந்த நிறத்தையா அடிக்கணும்" என்று அவள் சொல்லச் சொல்ல நான் உம் கொட்டுவேன் அல்லவா, அந்த உம் எல்லாம் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

இந்த நிலையில்தான் உனக்குப் போன் செய்தேன். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து நிமிர்த்துகிற இரும்புக் கம்பி, பின் அச்சுக்கு அடியில் மாட்டுவது, பெரிய வண்டிகளில் அதுவாகவே இருக்கும், நம்முடையதற்குத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், ஸ்வே பார் என்று பெயர் என்றெல்லாம் நீ விளக்கினாய். லைன் சரியில்லை. நான் பின்கட்டில் நின்று உரக்கக் கத்தவேண்டியதாயிற்று: "பின்னாடி பார் போடணுமா? ஓ, போட்டுடலாம்! இடமெல்லாம் இருக்கு! பார் வந்துட்டா ஆட்டம் நின்னுடுமா?"

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் துண்டும் கையுமாக இறங்கி வந்தார். அவர் உடம்பு உனக்குத் தெரியும், படி இறங்கினால் கீழே நமக்குச் சேதி வந்துவிடும். "சார், நீங்க மரியாதைப்பட்டவருன்னு நெனச்சு வீடு குடுத்தேன். என் வீட்டுப் பின்கட்டுல பாரா?"

"சின்னதுதாங்க. அடியில இருக்கும், வெளியில யாருக்கும் தெரியாது."

"அண்டர்கிரவுண்டா? அட கடவுளே!"

"ஆட்டம் ஜாஸ்தியா இருக்குங்க. அதுக்காகத்தான்."

"ஆட்டம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு பாரை மூடுவாங்க. ஆட்டத்தைக் குறைக்கப் பார் வைக்கிற முதல் ஆளு நீங்கதான் சார்!"

நீ அனுப்பிய பார்சல் வந்து பிரித்துக் காட்டிய பிறகுதான் மனிதர் சமாதானமானார். அதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, எதிர்வீட்டுக்காரர் எப்போது திறப்பு என்று ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனது தனிக்கதை.

மெக்கானிக்காக நம் "இதோ"வைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் "இதோ" என்பதால் அந்தப் பெயர். இதோ வருகிறேன் என்றால் அடுத்த நாள், இதோ முடிந்தது என்றால் இனிமேல்தான் ஆரம்பம். பின்கட்டில் வண்டியை ஜாக்கில் தூக்கி அடியில் படுத்துக்கொண்டார். பெட்டியோடு வந்த தாளில், கடைசியாக முறுக்கும்போது சக்கரத்தின் மேல் எடை இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது. லிஃப்டுக்கு நாங்கள் எடை வைத்துத்தான் சோதிப்போம். ஆகவே எடைக்கு எங்கே போவது என்று நான் சுற்றுமுற்றும் பார்க்க, வீட்டுக்காரர் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். ஆனால் கேட்டதும் அவர் பின் சீட்டு முழுவதையும் நிரப்பிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்துவிட்டார். ஜாக்கை இறக்கினாலே வண்டியின் எடை சக்கரத்துக்கு வந்துவிடும், ஆள் தேவையில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. வண்டி நேராகப் போவதே தன்னால்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நடுவில் பெண் போன் செய்தாள் என்று உள்ளே போனேன். அவளோடு பேசினால் நேரம் போவது தெரியாது. திரும்பி வந்தால் வண்டி தரையில் நிற்கிறது, ஜாக்கைக் காணோம், இதோவைக் காணோம், வீட்டுக்காரர் மட்டும் பின் சீட்டில் குறட்டை விடுகிறார். தட்டி எழுப்பி, "முடிஞ்சுதாங்க?" என்றேன். "முடிஞ்சிருக்கும் சார். நான் கண்ண மூடுறப்பவே முடிக்கிற மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. நான் சாவியோடு நிற்கிறேன். உன் அக்கா உள்ளிருந்து வந்தாள், கையில் முட்டை அட்டை. பஸ் ஸ்டாப் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தால், நேராக வந்து முன் கதவைத் திறந்து உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "என்ன பாக்குறீங்க? கிளம்புங்க" என்றாள். நான் சாவியைத் திருகினேன். நீ வேறு எச்சரித்திருந்தாய்: "அத்தான், பார் போட்டா பின்பக்கம் விறைப்பாயிடும். பழைய மாதிரி வேகமா திருப்பினா வால் வழுக்கி, வண்டி வந்த திசையைப் பார்த்து நின்னுடும்." அந்தப் பயத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே பிரேக்கைத் தொட்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலத் திருப்பினேன். பாலத்து வளைவு வந்தது. போனது. ஒரு முட்டை அசையவில்லை! பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், அடித்துக்கொள்ளட்டும். பாலத்தைத் தாண்டியதும் உன் அக்கா ஜன்னலைப் பார்த்து, "அந்தப் பலகையை இன்னும் திருத்தல பாருங்க" என்றாள். நான் உம் கொட்டினேன். கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே, ஒரு இரும்புக் கம்பியால் என் குடித்தனத்தை நிமிர்த்திய நீ நூறாண்டு வாழவேண்டும். உன் வண்டி என்றும் சாயாதிருக்கட்டும், குழந்தைகள் நேராக வளரட்டும், உன் மனைவி எந்நாளும் முன் சீட்டிலேயே உட்காரட்டும். இந்தக் கம்பி மாதிரி உலகத்தில் வேறு கண்டுபிடிப்பு கிடையாது என்று யாரிடம் வேண்டுமானாலும் நான் சாட்சி சொல்வேன்.

இப்படிக்கு,
ஆட்டம் அடங்கிய உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடும் நேரத்தில் வாசலில் இதோ வந்து நிற்கிறார். தோளில் உன் கம்பி! "போல்ட் சேரல சார், அதான் அன்னைக்கே கம்பியை எடுத்துட்டுப் போய் வேற போல்ட் தேடினேன். இதோ வரேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தானே போனேன். அம்மா சொல்லலையா?"

உன் அக்காவைக் கூப்பிட்டேன். "தெரிஞ்சேதான் ஏறினியா?" என்றேன். "சொல்லியிருந்தா நீங்க பழையபடி ஓட்டுவீங்க. கம்பி இருக்குன்னு பயந்துதானே அவ்வளவு பதவிசா ஓட்டினீங்க? எனக்கு மட்டும் பஸ்ஸுல பேச்சுத்துணை யாரு இருக்கா?" என்றாள்.

மாட்டிவிடட்டுமா என்று இதோ கேட்டார். உன் அக்கா கம்பியை அவர் தோளிலிருந்து தானே வாங்கிக்கொண்டாள். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் படி: நீ அனுப்பிய பின்பக்கக் கம்பி முன் சீட்டில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. மிக நன்றாக வேலை செய்கிறது.