அலமாரிக் கதவும் மகாகனியும்

தாராவி,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய அப்துல் வாஹித் மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஷமீமாவின் ஒரே மகனும், தங்களால் வாட்ஸப்பில் பிளாக் செய்யப்பட்டவனுமாகிய ராஹில் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இதனால் அம்பர்நாத் வாழ் உறவினர் அனைவருக்கும் அறியத் தருவது என்னவென்றால், எங்கள் வீட்டு அலமாரிக்கு இடது பக்கக் கதவு இல்லை. சென்ற மாதம் முதல் வாப்பாவின் சட்டைகள் மறைவில்லாமல் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மற்றபடி இங்கு எல்லோரும் சுகம். அங்கும் அவ்வாறே என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நேற்று நீங்கள் காது டாக்டரிடம் போய்வந்ததாக சாயிரா மாமி போனில் சொன்னதால், சுகத்தை இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இது மன்னிப்புக் கடிதம். அப்படித்தான் உம்மா சொல்லி, பேனாவும் தந்து, எதிரிலேயே வெங்காயம் உரித்துக்கொண்டு காவல் இருக்கிறாள். எனவே மன்னிக்கவும். அந்த வேலை முடிந்தது. இனி என் பங்கு.

நாலு வருஷமாக உங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நான் சலங்கைத் தகடு வைத்த டாம்பரின் வளையத்தைக் குலுக்குகிறேன் மாமா. கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்னைச் சர்பத் கிளாஸ் எடுக்க வந்த பையன் என்று நினைத்து எச்சில் கிளாஸை என் கையில் கொடுத்திருக்கிறார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை செம்பூர் கல்யாணத்திலாவது லீட் கிட்டார் எனக்கு என்று நம்பி, என் கூட்டாளி சிராஜின் வாப்பா வைத்திருக்கிற பர்னிச்சர் பட்டறையில் அலமாரிக் கதவை அறுத்து, பழைய கிட்டாரின் கழுத்தை அதில் முடுக்கி, பாலிஷ் போட்டு உங்கள் முன்னால் கொண்டுவந்து நீட்டினால், நீங்கள் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் என்ன சொன்னீர்கள்?

“இது கிட்டாராலே? பிளைவுட்டு. இதத் தட்டுனா உள்ள இருந்து சட்டதான் வரும், டோன் வராது.”

லீட் ஆஷிக்குக்கு. அவன் உங்கள் மகன் என்பதால் அல்ல, சேச்சே, அவன் கையில் உங்கள் பழைய மகாகனி மரக் கிட்டார் இருக்கிறது என்பதால். அந்தப் பெயரைச் சின்ன வயதில் கேட்டபோது நான் ஏதோ பெரிய பழம் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது, அது பழுக்காது, அதை வைத்திருப்பவனுக்குத்தான் பழம். பிக்கப் என்கிற பெட்டி, அதாவது கம்பிகளுக்குக் கீழே காந்தத்தின்மேல் செப்புக்கம்பி சுற்றி வைத்திருக்கிற அந்தச் சின்னப் பெட்டி, அதுதானே சத்தத்தைப் பிடித்து, பெரிதாக்குகிற ஆம்புக்கு அனுப்புகிறது, மரத்துக்கு அதில் என்ன வேலை என்று நான் கேட்டதற்கு, அது வெறும் தபால்காரன், கடுதாசி எழுதுவது மரம் என்றீர்கள். கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றியே இருபது வருஷம் சோறு தின்றவர் பேசுகிற பேச்சா அது?

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அந்த லஃப்டாவை, நீங்கள் வம்பு என்கிற அதைச் செய்தேன். மாமியின் பெட்ஷீட்டைக் கயிற்றில் கட்டி, அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீங்களும் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும். ஒரே ஆம்ப், ஒரே வால்யூம், ஒரே நான். இரண்டு கிட்டாரையும் மாற்றி மாற்றி மூன்று தடவை வாசித்தேன். எது மகாகனி என்று நீங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை.

“இந்தா, இதுதாம்லே மரம். எப்பிடி நின்னு பேசுது பாரு. மத்தது தகரம்.”

மூன்று தடவையும் அதையே சொன்னீர்கள். பெட்ஷீட்டை விலக்கினால் மூன்று தடவையும் என் மடியில் அலமாரிக் கதவு. டிரம்ஸ் வாசிக்கிறவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. ஆஷிக்கே சிரித்தான். நீங்கள் மட்டும் எழுந்து, நாற்காலியைச் சுவர் ஓரம் போட்டுவிட்டு, மாமியிடம் மெதுவாகச் சொன்னீர்கள்:

“எனக்குக் காது போயிட்டு போல சாயிரா.”

பிறகு டாக்டர். பிறகு, செம்பூருக்கு நான் வரவில்லை, வேறு ஆளைத் தலைவராக வைத்துக்கொள்ளுங்கள், இனி எனக்கு ஆர்கெஸ்ட்ராவே வேண்டாம் என்று எல்லோருக்கும் உங்கள் போன். டிரம்ஸ்காரர் என்னைக் கூப்பிட்டு லீட் உனக்குத்தான் என்றார். சிராஜ் ஸ்டேட்டஸே போட்டுவிட்டான். ஆக, ஜெயித்தது நான். மகாகனி பொய், அலமாரி மெய். கேட்கும் காதும் இல்லை, பேசும் மரமும் இல்லை, எல்லாம் கையில்தான் இருக்கிறது என்று நிரூபித்தவன் நான். ஆனால் ஜெயித்தவனுக்கு இந்த வீட்டில் ஒரு சாயா போட்டுத் தர ஆளில்லை. உம்மா என்னோடு பேசுவது வெங்காயத்தின் மூலமாகத்தான்.

சாயிரா மாமிக்கு முழு ஸலாம். ஆஷிக்குக்கு அரை ஸலாம். தங்களுக்கு அல்லாஹ் நீடித்த ஆயுளையும், என்னை மன்னிக்கிற அளவுக்கு மறதியையும் தந்தருள்வானாக.

இப்படிக்கு,
நாலு வருஷ டாம்பரின்,
ராஹில்

பின்குறிப்பு: உம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். அதனால் உண்மையை எழுதலாம். சனிக்கிழமை ஆஷிக் வழக்கம்போல சோம்பேறித்தனப்பட்டு, கம்பி மாற்றித் தரச்சொல்லி மகாகனியை என்னிடம் தந்தான் இல்லையா, அப்போது அதன் பிக்கப்பைக் கழற்றி என் கதவில் வைத்துவிட்டேன். என்னுடையது அவனுடையதில். மேல்மூடிகள் மட்டும் அதனதன் இடத்தில். என் பிக்கப்போடு அந்தக் கதவு எப்படி இருந்தது தெரியுமா மாமா, டம்ளருக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி. ஆஷிக் இரண்டு நாளாக அந்த ஈயைத்தான் வாசிக்கிறான், இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கழற்றும்போது உள்ளே டேப்பின்மேல் பால்பாயிண்ட் பேனாவில் ‘அ.வா.’ என்று எழுதித் தேதியும் போட்டிருந்தது. உம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். வெள்ளத்தில் கிட்டார் நனைந்து பிக்கப் செத்துப்போனதாம், நீங்கள் கம்பெனியிலிருந்து இருப்பதிலேயே மெல்லிய கம்பி கொண்டுவந்து, இரண்டு ஞாயிறு கையாலேயே சுற்றினீர்களாம். நீங்களே மறந்துபோயிருப்பீர்கள். மூன்று தடவையும் நீங்கள் கை நீட்டியது அதைத்தான். தோற்றது மகாகனி மாமா, உங்கள் காது இல்லை. ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். சொன்னால் லீட் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்று. இன்று காலை அதைத் திருப்பித் தரலாம் என்று கழற்றினேன். கம்பி அறுந்துவிட்டது. முனையைத் தேட இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது, இப்போது பாய் முழுக்க முடி வெட்டின மாதிரி கிடக்கிறது. இந்தக் கடிதத்தை சிராஜ் கையில் அனுப்புகிறேன். நாளை சாயங்காலம் காந்தத்தோடும் மிச்சத்தோடும் லோக்கல் ரயில் ஏறி நானே வருகிறேன். அடிப்பதாக இருந்தால், புதுக் கம்பியை நீங்கள் மறுபடி சுற்றி முடித்த பிறகு அடியுங்கள். முன்னாலேயே அடித்தால் சுற்றின் எண்ணிக்கை தப்பிவிடும், கல்யாணம் வெள்ளிக்கிழமை.