இல்லாத கம்பெனியின் இருமல்

"இந்த வருஷமும் ஒரு கம்பெனிகூட வரலைன்னா உங்க மையத்தை இழுத்து மூடிடலாம்" என்றார் துணைவேந்தர்.

பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையத்தின் அதிகாரி யோசிக்காமல் வாயைத் திறந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஒண்ணு பேசி முடிச்சிருக்கேன் சார்."

எப்படிப்பட்ட கம்பெனி என்று துணைவேந்தர் துருவினார். அதிகாரி வாய்க்கு வந்ததைச் சொன்னார். நீலக் கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறையில் மீன்தொட்டி, அதில் ஒற்றை மீன். உடனே மேலாளருக்குப் போன் போடச் சொன்னதும், "அவருக்குத் தீராத இருமல் சார், போன்ல பேச முடியாது" என்றார். பொய்யோடு ஒரு நோயையும் சேர்த்துச் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பது அவருடைய அனுபவம்.

கொஞ்ச நாள் கழித்து, கம்பெனி பின்வாங்கிவிட்டது என்று சொல்லிக் கைகழுவிவிடலாம் என்பது திட்டம். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போனால், அதே பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படிக்கும் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா, மீன்தொட்டி இருக்கற கம்பெனி வருதாமே?"

மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுப் போட்டு, பதில் வராமல் சுருங்கிப்போயிருந்த முகம் அது. இன்றைக்குத்தான் மலர்ந்திருந்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வரும்மா என்றார்.

உள்ளே மனைவிக்கு வேறு கவலை. "இங்க் பேனாவையே தூக்கிப் போட்டாச்சு. புதுச் சட்டை பாக்கெட்லயும் கறை எப்படி வருது?"

அது அவருக்கும் வெகுநாளாகப் புரியாத விஷயம். சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் துணைவேந்தரிடம் போய், கம்பெனிக்காரர் இப்போதைக்கு வரமாட்டார், அங்கே லிஃப்ட் பழுது, அந்த இருமலோடு அவரால் படி இறங்க முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் வெளியே யாரோ இருமினார்கள்.

ஒல்லியான ஒருவர் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "மன்னிக்கணும். லிஃப்ட் பழுது. படியிலயே இறங்கி வந்தேன்."

துணைவேந்தர் அதிகாரியை ஒரு முறை முறைத்துவிட்டு மேலாளருக்குக் கைகொடுத்தார்.

நேர்முகத் தேர்வு உடனே நடந்தது. எப்படியாவது ஆளைத் துரத்திவிட வேண்டும் என்று அதிகாரி தவித்தார். எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, நாலு வார்த்தை கோவையாகப் பேச வராது என்று மேலாளரின் காதில் போட்டார். மேலாளர் பூரித்துப்போனார். அப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும், பயிற்சியை நாங்களே கொடுத்துக்கொள்கிறோம் என்றார். பிறகு வரிசையில் நின்றவர்களில் ஒருத்தியை மட்டும் தேர்ந்தெடுத்தார். அவள் அதிகாரியின் மகள்.

வேண்டாம் என்று அப்பா சொன்னதற்கு அவள் அழுதாள். இவளுக்கு வேலை கிடைத்தால் உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று மனைவி கேட்டாள். திங்கட்கிழமை காலை கம்பெனி வண்டி வந்தது. மகள் ஏறிப் போனாள்.

மத்தியானம் அவள் போனை எடுக்கவில்லை. நேரே போய்ப் பார்த்துவிடலாம் என்று டாக்ஸியில் ஏறிய பிறகுதான் அதிகாரிக்கு உறைத்தது. கம்பெனிக்கு விலாசம் எதுவும் அவர் சொல்லவே இல்லை. சொல்லாதது எங்கே இருக்கும்?

"எங்க சார் போகணும்?" என்றார் டிரைவர்.

கண்ணை மூடிக்கொண்டு, பழைய தியேட்டருக்குப் பின்னால் என்றார்.

தியேட்டருக்குப் பின்னால் நீலக் கண்ணாடிக் கட்டடம் நின்றது. வரவேற்பறையில் தொட்டி. அதில் ஒற்றை மீன் அவர் பக்கம் திரும்பி நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மகள் கணினி முன்னால் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையாட்டினாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று. எப்படி வந்த கம்பெனியாக இருந்தால் என்ன, இது நிலைத்தால் போதும் என்று நினைத்தார்.

மேலாளர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அதிகாரியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"சார், உண்மையச் சொல்லிடறேன். இப்படி ஒரு கம்பெனியே கிடையாது. வேலை போயிடுமேன்னு நான் சும்மா சொன்னது."

மேலாளர் இருமவில்லை. அதிகாரியின் சட்டைப் பாக்கெட்டில் இருந்த கறையையே பார்த்தார்.

"அதுக்கென்ன சார். எந்த காலேஜோட ஒப்பந்தம் போட்டிருக்கேன்னு எங்க தலைமை அலுவலகத்துல என்னையும்தான் குடைஞ்சாங்க. ஒரு பல்கலைக்கழகம், அங்க பாக்கெட்ல இங்க் கறையோட ஒரு அதிகாரின்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். யாரும் சந்தேகப்படக் கூடாதேன்னு, அவருக்கு ஒரு பொண்ணையும் சேர்த்துச் சொன்னேன்."