நடுவாந்திர எழுத்தாளர்

எழுத்தாளர்கள் இரண்டே வகைப்படுவார்கள்: புதியவர், புகழ்பெற்றவர். திருப்பூர் பின்னலாடை முத்தமிழ்ப் பேரவை ஆண்டுதோறும் நடத்தும் சிறுகதைப் போட்டியின் நான்காவது விதி இது. மூன்றாவதாக ஒரு வகை உலகத்தில் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் பேரவைக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக எழவில்லை. சித்ராதேவி வந்து எழுப்பினாள்.

சித்ராதேவி வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்பவள். தைத்து வரும் டீ-சர்ட்டில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. பன்னிரண்டு வருடம் அடுத்தவர் குறையையே பார்த்து வந்தவள், ஒருநாள் உட்கார்ந்து ஒரு கதை எழுதிவிட்டாள்.

பக்கத்து மேசை மாரக்காளின் கதை அது. மாரக்காளுக்குக் கண் மங்கிவிட்டது. சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல், விரலால் தடவித் தடவியே மூன்று மாதம் துணி பார்த்தாள். அந்த மூன்று மாதமும் அவள் மேசையிலிருந்து ஒரு பீஸ்கூடத் தப்பாகப் போகவில்லை. நான்காம் மாதம், சூப்பர்வைசர் என்று நினைத்துத் தண்ணீர் டேங்குக்கு வணக்கம் வைத்து மாட்டிக்கொண்டாள். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு அவளைப் பற்றிக் கம்பெனியில் ஒருவரும் பேசவில்லை. இதை நாலு பேர் படிக்க வேண்டும். சித்ராதேவிக்கு வேறு ஆசை இல்லை.

திருப்பூர் ராயபுரத்துக்குப் போய்ப் பேரவைச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தாள். அவருக்கு எலாஸ்டிக், பட்டன், ஜிப் மொத்த வியாபாரம். கடையின் பின்பக்கம் ஜிப் மூட்டைகளுக்கு நடுவில் இலக்கியம் நடந்தது.

"வாங்கம்மிணி. புதியவரா, புகழ்பெற்றவரா?"

"புதுசுதானுங்க."

"இதுக்கு முன்னால எதாச்சும் அச்சுல வந்திருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். செக்கிங்கில் இருப்பவளுக்குப் பொய் வரவில்லை.

"கம்பெனி ஆண்டு மலர்ல நாலு வரி வாழ்த்துக் கவிதை வந்துச்சுங்க. பேரைக்கூட சித்ராதேவன்னு தப்பாப் போட்டுட்டாங்க."

"பேரு தப்பா வந்தாலும் அச்சு அச்சுதானுங்க. அப்ப நீங்க புதியவர் இல்லீங்க."

"செரிங்க, புகழ்பெற்றவர்ல போட்டுக்குங்க."

"அதுக்கு ரெண்டு புஸ்தகம் வந்திருக்கோணுமுங்களே."

"அப்ப நான் யாருங்க?"

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை மறுபடியும் பார்த்தார். "நடுவாந்திரமுங்க. நடுவாந்திரத்துக்குப் பேரவையில பிரிவு இல்லீங்க."

விஷயம் செயற்குழுவுக்குப் போனது. பதினோரு நூல்களின் ஆசிரியரும் ஏற்றுமதி நிறுவன உரிமையாளருமான தலைவர் மகுடேஸ்வரன் தலைமையில் குழு கூடி, 'மேற்படி சித்ராதேவி என்பார் எழுத்தாளர் என்பதில் பேரவைக்கு ஐயமில்லை; எவ்வகை எழுத்தாளர் என்பதிலேயே ஐயம்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிக் காபி குடித்துக் கலைந்தது. கதையைப் படித்துப் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்டாராம். வகை தெரியாமல் படிப்பது முறையாகாது என்று தலைவர் மறுத்துவிட்டார்.

தீர்மானத்தின் பின்னிணைப்பாக இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருந்தன. ஆண்டு மலரில் வந்தது கவிதையே அல்ல என்று அதன் ஆசிரியரிடம் சான்று வாங்கி வந்தால் சித்ராதேவி புதியவர் ஆகலாம். அல்லது இரண்டு புத்தகம் வெளியிட்டுப் புகழ்பெற்றவர் ஆகலாம்.

ஆண்டு மலரின் ஆசிரியர் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர். சித்ராதேவி போய் நின்றாள்.

"சார், நான் எழுதுனது கவிதையே இல்லைன்னு ஒரு லெட்டர் வேணுமுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதுல மூணாவது வரி நான் திருத்துனதும்மா. அது கவிதை இல்லைன்னு நானே எப்படி எழுதிக் குடுப்பேன்?"

மிஞ்சியது இரண்டாவது வழி. துவைக்கும் முறை சொல்லிப் பனியனில் தைக்கும் வாஷ்கேர் லேபிள் அச்சடிக்கும் தங்கராஜிடம் போனாள்.

"எத்தன பீஸுங்க?" என்றார் தங்கராஜ்.

"புஸ்தகமுங்க."

"புரியுதுங்க. எத்தன பீஸு?"

ஒன்பது பக்கக் கதையை எழுத்தைப் பெரிதாக்கி நாற்பத்தெட்டுப் பக்கம் ஆக்கினார். இரண்டாவது புத்தகத்துக்குக் கதை இல்லை என்று சித்ராதேவி தயங்கினாள்.

"அதுக்கென்னங்க? உள்ள அதேதான். அட்டையை மட்டும் மாத்திரலாம். ஒரே டீ-சர்ட்டை நேவி ப்ளூ, மெரூன்னு ரெண்டு கலர்ல போடறதில்லையா?"

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மாரக்காளுக்காக என்று நினைத்துத் தலையாட்டினாள். 'மாரக்காளின் விரல்' நீல அட்டையிலும், 'விரலின் மாரக்காள்' மெரூன் அட்டையிலும் வெளிவந்தன.

இரண்டையும் புரட்டிப் பார்த்த மகுடேஸ்வரன் செயற்குழுவில் எழுந்து மதிப்புரை வழங்கினார். "முதல் நூலில் ஒரு தயக்கம் தெரிகிறது. இரண்டாவதில் நடை முதிர்ந்திருக்கிறது. இரண்டு நூலுக்கும் இடையில் ஆசிரியர் நிறைய வாழ்ந்திருக்கிறார்."

இரண்டு நூலுக்கும் இடையில் தங்கராஜ் ஒரு டீ குடித்திருந்தார்.

சித்ராதேவி புகழ்பெற்றவர் என்று மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியது. மறுநாளே கதையை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்கு ஓடினாள். ஈஸ்வரமூர்த்தி முதல் பக்கத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது புஸ்தகமா வந்த கதையாச்சுங்களே. அதும் ரெண்டு தடவை. ஏழாவது விதிப்படி பிரசுரமாகாத கதையா இருக்கோணுமுங்க."

"நீங்கதானுங்களே புஸ்தகம் போடச் சொன்னீங்க?"

"புஸ்தகம் போடச் சொன்னமுங்க. கதையைப் போடச் சொன்னமுங்களா?"

சித்ராதேவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈஸ்வரமூர்த்தி இளகிய மனசுக்காரர். ஒரு ஜிப் மூட்டையை நகர்த்தி அவளை உட்காரச் சொன்னார்.

"அழுவாதீங்கம்மிணி. புகழ்பெற்றவங்க போட்டிக்கு அனுப்பறதே அவ்வளவா கௌரவமில்லீங்க. ஒரு நடுவர் எடம் காலியாத்தான் இருக்குது."

மறுநாள் எலாஸ்டிக் வந்த இரண்டு சாக்குகளில் நானூற்றுப் பன்னிரண்டு கதைகள் ஆட்டோவில் அவள் வீட்டுக்கு வந்து இறங்கின. கூடவே ஈஸ்வரமூர்த்தியின் போனும் வந்தது.

"எல்லாத்தையும் படிக்கோணுமுன்னு இல்லீங்க. உங்க கம்பெனியில நானூறு பீஸுல முப்பதை எடுத்துப் பாத்துட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்றாங்கல்ல, அந்த மாதிரி."

"அது சரக்கு வாங்கற பையர் ஆளுங்க பண்றதுங்க. நாங்க ஒவ்வொண்ணா பாக்கறவங்க."

ஒவ்வொன்றாகவே பார்த்தாள். சமையல் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கம்பெனி பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில் என்று ஒரு மாதம் படித்தாள். ஐம்பத்தெட்டுக் கதைகள் மழையில் தொடங்கின. நூற்று நாற்பது கதைகளில் கதாநாயகன், பரிசு கிடைக்காத எழுத்தாளன். பழக்கதோஷத்தில் குறை தென்பட்ட இடத்திலெல்லாம் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒன்பது கதைகளில் ஒட்டுவதற்குக் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. சாயப்பட்டறைக்காரர் ஒருவர் எழுதிய கதையைப் படித்துவிட்டு அன்று கம்பெனி பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். அதற்குத்தான் முதல் பரிசு என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி பதறிப்போனார். "கேடயத்துல போன மாசமே பேரு அடிச்சாச்சுங்களே! புதியவர் பிரிவுல நம்ம சென்னியப்பன் ஐயாவுக்குத்தான் பரிசு. பத்தொம்பது வருசமா ஒண்ணைக்கூட அச்சுல வர உடாம, புதியவராவே கட்டிக் காப்பாத்திட்டு வர்றாருங்க. வயசு அறுபத்தொண்ணு ஆகுது."

"அவர் கதை இந்தச் சாக்குல இல்லீங்களே?"

"அனுப்பிருவாருங்க. அவர் சொன்ன சொல்லு தவற மாட்டாரு."

பரிசளிப்பு விழா அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அனைவருக்கும் பங்கேற்புச் சான்றிதழ், புரவலர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போட்டவர்களுக்குப் பொன்னாடை. எல்லாம் முடிந்து, பன்னிரண்டே முக்காலுக்கு நடுவர் உரை. ஒரு மணிக்குப் பந்தி.

சித்ராதேவி மைக் முன்னால் நின்றாள். நடுவர் பேச வேண்டியதை எழுதிவைத்திருந்த தாளைப் பையிலேயே விட்டுவிட்டு, மாரக்காளின் கதையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். இந்தக் கால் மணி நேரத்தை எந்த விதியும் தடுக்கவில்லை.

முதல் பத்தியில் சான்றிதழ் வாங்கியவர்கள் எழுந்தார்கள். இரண்டாவது பத்தியில் பந்தியில் இலை போட்டாயிற்று என்று யாரோ சொன்னார்கள். தலைவர் போட்டோவுக்குப் போக, சென்னியப்பன் கேடயத்தைக் கட்டிக்கொண்டு கூடவே போனார். சாயப்பட்டறைக்காரரும் கையில் சான்றிதழோடு பந்திப் பக்கம் போனதை அவள் பார்த்தாள். நிறுத்தவில்லை. மாரக்காள் டேங்குக்கு வணக்கம் வைக்கும் இடம் வந்தபோது மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. மேடை ஓரத்தில் மைக் செட்டுக்காரர் அந்தோணிராஜ் இருந்தார். மைக்கைக் கழற்றியாக வேண்டுமே.

ஆனால் அவர் மெதுவாக எழுந்துபோய், சத்தம் போட்ட மின்விசிறியை அணைத்துவிட்டு வந்து, கடைசி வரி வரைக்கும் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மாவும் இப்படித்தானுங்கக்கா. மடிப்பு செக்ஷன்ல இருந்துச்சு. கண்ணு போனப்பறமும் வாசத்தை வச்சே எது எந்தச் சாயமுன்னு சொல்லீரும். ஒருநாள் என்னாச்சுன்னா..."

"அது கெடக்கட்டுங்க," என்றாள் சித்ராதேவி ஆவலாக. "நான் எழுதுன கதை எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"நல்லா இருந்துச்சுங்க."

இரண்டு அட்டையிலும் ஒவ்வொன்று எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, வெச்சுக்குங்க. ஊட்டுல எல்லாரும் படிங்க."

அந்தோணிராஜ் மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டே ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"படிக்கறதுக்கெல்லாம் எங்கீங்கக்கா நேரம்? அம்மா கதைய நானே எழுதிக்கறனுங்க. அடுத்த போட்டிக்குக் கடைசி தேதி எப்பங்க?"